நீலத்துணி மில்லும் இரண்டு மெழுகுவத்திகளும்

அப்பாவுக்கு மில்லில் சாயம் போடுகிற வேலை. நான் எழுவதற்கு முன்பே எங்கள் ஊர் ஒதியம்பட்டிலிருந்து சைக்கிளில் போய்விடுவார். நான் தூங்கிய பிறகுதான் திரும்புவார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் எனக்கு அப்பா உண்டு. முழங்கை வரை நீலம் ஏறிய அந்தக் கைகளைத் தொட்டுப் பார்க்க ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். அவர் சாயம் போட்ட துணியெல்லாம் கப்பலேறி ஆப்பிரிக்காவுக்குப் போகுமாம். துணிக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்!

பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போய்ச் சில வருடங்களில் மில் நின்றது. எனக்கு ஏழு வயது.

"ஏம்பா மூடிட்டாங்க?"

"நம்ம துணிய வாங்கினவங்க இப்ப வேற நாட்டுத் துணி வாங்குறாங்களாம். கப்பலே வர்லடி" என்றார் அப்பா.

அடடா, முகம் தெரியாத அந்த ஜனங்கள் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் வந்தது! அவர்கள் புண்ணியத்தில் தினமும் ஞாயிற்றுக்கிழமை. அப்பா எனக்குத் தலை வாரிவிட்டார். கோணல் வகிடுதான், அதனாலென்ன? வாய்க்காலில் நீந்தக் கற்றுக்கொடுத்தார். அம்மாதான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, கஞ்சியில் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போனாள்.

எங்கள் குலசாமி ஐயனார். ஆனாலும் பெரிய காரியம் என்றால் வில்லியனூர் மாதா கோயிலுக்கு நடப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மா இரண்டு மெழுகுவத்தி வாங்கி, ஒன்றை என்னிடம் கொடுத்தாள்.

"மில்லு தொறக்கணும்னு வேண்டிக்கடி. கொழந்த கேட்டா மாதா குடுப்பா."

நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, மில்லைத் திறக்கவே கூடாது மாதாவே என்று வேண்டிக்கொண்டேன். பக்கத்தில் அம்மா அழுதாள். நான் அசையவில்லை, கல்நெஞ்சுக்காரி.

"இன்னாடி, வேண்டிக்கினியா?"

"வேண்டிக்கினேம்மா."

பொய்யில்லையே!

மாதா என் பக்கம் நின்றுவிட்டாள். மழைக்காலம் முடிந்ததும் அப்பா பம்பாய் மில்லுக்கு ரயிலேறினார். ஸ்டேஷனில் அவர் சட்டையை நான் விடவே இல்லை. அம்மாதான் விரல் விரலாகப் பிரித்தாள். அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒரு முறை வந்தார், விருந்தாளி மாதிரி. ஞாயிற்றுக்கிழமை வந்தாலே எனக்கு அழுகை வரும். இந்த வயதிலும் வருகிறது.

மில் திறக்காவிட்டால் அப்பா ஊரைவிட்டுப் போயாக வேண்டும் என்பது அம்மாவுக்கு அன்றே தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை. அவளும் மாதாவிடம் அப்பாவைத்தான் கேட்டிருக்கிறாள்.