அச்சுதன் வீட்டு வாசல் பாசி

ஞானம்மாள் செம்பாக்கத்தில் வீடுகளுக்குப் போய்ச் சமைப்பவர். அச்சுதன் வீட்டின் முன் நடைபாதைப் பாசியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். மாவுக்கட்டோடு வந்து கேட்டைத் தட்டினார்.

“உங்க டேங்க் தண்ணி வழிஞ்சுதான் பாசி புடிச்சு கீது. தேய்ச்சுக் கழுவுங்க சார்.”

“நடைபாதை என்னோடதா? கார்ப்பரேஷன்ல போய்ச் சொல்லு.”

“அப்போ பாதி நடைபாதைல வேலி போட்டு ரோஜா வச்சுகினு கீறீங்களே, அது மட்டும் உங்களுதா?”

“சமையக்காரிக்கு இவ்வளவு திமிரா? போலீஸைக் கூப்பிடுவேன்.”

“கூப்புடு. இங்கயேதான் நிப்பேன்.”

நல்ல கையால் வேலிக் கம்பிகளைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தார். அச்சுதன் போலீஸைக் கூப்பிடவில்லை.

பாசியை இன்றுவரை யாரும் கழுவவில்லை. தெருக்காரர்கள் ரோஜாச் செடிகளை மிதித்துக்கொண்டு நடக்கிறார்கள். அச்சுதன் மாடியில் நின்று திட்டுகிறார். ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.