சகனில் ஒரு முன்னங்கால் எலும்பு

1979இல் கல்முனை மாட்டாஸ்பத்திரியில் உதவியாளர் வேலை கிடைக்கும்வரை மருதமுனைச் சரீப்புக்குத் தறிதான் சோறு போட்டது. கண் என்றால் அவருக்குத்தான் கண். தறி அச்சில் நூல் கோர்க்கும்போது இமைக்கவும் மாட்டார். அந்தக் கண்தான் அவரை வம்பில் மாட்டியது.

மிருக வைத்தியர் புண்ணியமூர்த்தி மேற்படிப்புக்காகச் செத்த தெருநாய்களின் முன்னங்கால் எலும்புகளைச் சேர்த்துக் காயவைத்திருந்தார். எலும்புக்குள் இரத்தக்குழாய் நுழையும் துளை எங்கே, எத்தனை என்று குறிக்க வேண்டும். மூக்குக்கண்ணாடி போட்டும் ஐயாவுக்குத் தெரியவில்லை. சரீப் ஒரே பார்வையில் கண்டுவிட்டார்: புயத்தெலும்பின் பின்பக்கம், நடுவுக்குச் சற்றுக் கீழே. ஈர்க்கு நுனியைச் செருகினால் முழங்கைப் பக்கம் சரிந்து இறங்கும். சிலதில் இரண்டு. ஒரு பாழாய்ப்போன எலும்பில் ஒன்றுமே இல்லை; அந்தக் கவலையில் சரீப் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

நாய் எலும்பு ஆயிற்றே; மார்க்கப்படி நாய் அசுத்தம், ஈரத்தோடு பட்டால் ஒட்டும். காய்ந்த கை காய்ந்த எலும்பைத் தொட்டால் குற்றமில்லை என்றார் மௌலவி. கல்முனை வெயிலில் எந்தக் கை காய்ந்திருக்கும்? வேர்த்தபோதெல்லாம் சரீப் ஏழு தரம் கழுவினார், அதில் ஒரு தரம் மண்ணால். ஊருக்கு அது போதவில்லை. சந்தித்த ஆளையெல்லாம் மறித்துத் துளைக் கதை சொன்னதும் அவர் பிழைதான். பள்ளிவாசல் கந்தூரி விருந்தில் ஒரே சகன் தட்டைச் சுற்றி ஐந்து பேர் இருந்து சாப்பிடுவார்கள். சரீப் உட்கார்ந்தால் மற்ற நால்வருக்கும் திடீரென்று வேலை வந்துவிடும்.

சிரித்து மழுப்பி வந்தவருக்கு மகளின் கலியாணத்தன்றுதான் பயம் பிடித்தது. மாப்பிள்ளையின் வாப்பா முகைதீன்பாவா அவரோடு ஒரே சகனில் சாப்பிடாமல் எழுந்துவிட்டால் மகள் ஆயுளுக்கும் அந்தப் பேச்சைக் கேட்க வேண்டும். “இண்டைக்கு மட்டும் அந்த ஓட்டைக் கதைய எடுக்காதீங்க,” என்று மனைவி றபீக்கா சத்தியம் வாங்கினாள்.

பந்தலில் எல்லாச் சகன்களும் நிரம்பின. சரீப்பின் சகனில் மூன்று இடம் காலி. எதிரே, அக்கரைப்பற்றில் இறைச்சிக்கடை வைத்திருக்கும் முகைதீன்பாவா கையை மடியில் வைத்தபடி சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். சோறு ஆறியது.

கடைசியில் சம்பந்தி ஆட்டு முன்னங்கால் எலும்பு ஒன்றை இரண்டு விரலால் தூக்கினார்.

“முப்பது வருசமா எலும்பு வெட்டுறன் மச்சான். ஓட்டை எண்டு ஒண்டும் என்ட கண்ணுல படல்ல. பொய்தானே?”

சரீப்புக்குச் சத்தியம் நினைவிருந்தது. பந்தலின் தென்னங்கிடுகிலிருந்து ஓர் ஈர்க்கை உருவினார், சம்பந்தியிடமிருந்து எலும்பை வாங்கித் துடைத்துத் திருப்பினார், செருகினார். நுனி சரிந்து உள்ளே போனது.

முகைதீன்பாவா அதைப் பிடுங்கித் தானே குத்திப் பார்த்தார். உருவி மறுபடியும் குத்தினார். பிறகு பக்கத்துச் சகனை அதட்டி, மற்றக் கால் எங்கே என்று கேட்டார். மூன்று பேர் எலும்போடு வந்து குந்தினார்கள். அவர் சோற்றைப் பிசைந்து, நல்ல இறைச்சித் துண்டொன்றைச் சரீப்பின் பக்கம் தள்ளினார்.

“திண்டுக்கிட்டே சொல்லுங்க மச்சான்.”

சரீப் உள்வாசலைப் பார்த்தார். றபீக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சொல்லுங்க என்பதுபோல் தலையாட்டினாள். அன்று பந்தலில் கடைசியாகக் கைகழுவ எழுந்தது அந்த ஐந்து பேரும்தான்.