ஏழு ஏழு ஏழு

யாரோ திருட்டுத்தனமாக ஏற்றிவிட்டிருந்த அந்தக் கோப்பை ஜாஸ்மின் மூன்றாம் முறையாக அழித்தாள். சற்று நேரத்தில் அது மறுபடி அதே இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. அவள் வேலை பார்க்கும் பேண்டேஜ் கம்பெனியின் இணையதளத்தைத் திறப்பவர்கள் எல்லாம் ஏதோ சூதாட்டப் பக்கத்தில் போய் விழுந்துகொண்டிருந்தார்கள். மறுநாள் மதியத்துக்குள் சரியாகாவிட்டால் மொத்தத்தையும் துடைத்துவிட்டு மதுரைக்காரர்களிடம் புதிதாகச் செய்யக் கொடுப்பதாக முதலாளி சொல்லியிருந்தார். துடைத்தால் பதினைந்து வருடப் படங்களும் போய்விடும். வேறெங்கும் பிரதி இல்லை.

கோளாறு படங்கள் இருந்த ஃபோல்டரில்தான். அதன் அனுமதி எண் 777. யாரும் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம். போட்டது அவள்தான்.

பதினைந்து வருடத்துக்கு முன், அவளுக்கு இருபத்தாறு வயது. சேத்தூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவாள். கம்பெனியின் எல்லாச் சாவிகளும் வாசல் ஆணியில் ஒரே வளையத்தில் தொங்கும், வேண்டியவர் எடுத்துக்கொள்வார். ஸ்டோர் மாரிச்சாமி புதுக் கேமராவோடு வந்தார். தளத்தில் படம் ஏறவில்லை.

“நம்ம ஆளுகளுக்குள்ள என்னட்டி பூட்டு? தொறந்து விடு.”

திறந்துவிட்டாள். அன்று பேக்கிங் பெண்கள் வரிசையில் நின்று தங்கள் படத்தைத் தாங்களே ஏற்றினார்கள். செல்லத்தாய் அக்காவின் புருவத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. அதைக் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள். அக்கா இறந்து நாலு வருடமாகிறது.

படங்களுக்கு நடுவே ஒளிந்திருந்த இன்னொரு கோப்புதான் அழித்ததை மறுபடி எழுதிக்கொண்டிருந்தது. அதைத் தேடிப் பிடித்து நீக்கினாள். அவசரத்தில் எல்லாவற்றுக்கும் மொத்தமாக, மற்றவர் படிக்க மட்டும் முடிகிற 644 போட்டாள். படங்கள் ஒன்றுகூடத் தெரியவில்லை.

போட்ட எண்களை மறுபடி பார்த்தாள். பிறகு புரிந்தது: உள்ளே நுழையும் அனுமதி இல்லாமல் ஃபோல்டர் திறக்காது. ஃபோல்டர்களுக்கு 755 கொடுத்தாள். கோப்புகள் 644லேயே இருக்கட்டும். கடவுச்சொல் வைத்திருந்த கோப்பை மற்றவர் படிக்க முடியாமல் 640 ஆக்கினாள். படங்களுக்குள் எந்த நிரலும் ஓடாதபடி தடுத்தாள்.

திரையில் புருவத்துப் பஞ்சோடு செல்லத்தாய் வந்தாள்.

பின்னால் நின்ற மாரிச்சாமி கண்ணாடியைத் துடைத்தார். “மொதலாளி கேட்டா நான்தான் தொறக்கச் சொன்னேன்னு சொல்லு.”

“நீங்க சொன்னாலும், தொறந்தது நான்தான அண்ணாச்சி?”

“அதுவுஞ் சரிதான்.”

மறுநாள் ஒன்பதரைக்கு மாரிச்சாமி படம் ஏற்ற வந்தார். கம்ப்யூட்டர் அனுமதி இல்லை என்றது. ஜாஸ்மின் அவருக்கென்று தனிப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் எழுதிக் கொடுத்தாள். பன்னிரண்டு படங்கள் ஏறின. மதியம் முதலாளி தளத்தைத் திறந்து பார்த்தார். மதுரைக்குப் போன் செய்யவில்லை. ஜாஸ்மின் ஐந்தரை பஸ்ஸில் வீட்டுக்குப் போனாள்.