தாய் குடித்த சிவப்பு மிக்சர்

1. மாந்தம்

பூந்தமல்லி டிஸ்பென்சரியில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று பெரிய டாக்டர் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. எல்.எம்.பி. என்ற டாக்டர் படிப்பு படித்த பொம்பளை பிரசவக் கேஸ் பார்ப்பாள், மற்ற நேரம் வாயை மூடிக்கொண்டிருப்பாள் என்பது அவர் எண்ணம். வெள்ளைக்காரன் ஆட்சியில் அவருக்கும் ஒரு குட்டி ராஜ்யம் இருந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நோயாளி. நடுவில் இருந்த மேஜையைச் சுற்றி வந்து அவர் யாரையும் தொட்டுப் பார்த்து நான் கண்டதில்லை.

குழந்தைகளைத் துணியோடுதான் பார்ப்பார். கம்பளி, அதற்குள் துண்டு, அதற்குள் சட்டை, அதற்குள் எங்கேயோ ஒரு குழந்தை. "என்ன, மாந்தமா?" என்பார். தாய் தலையாட்டுவாள். மிக்சர் எழுதிவிடுவார். நோயின் பெயரைத் தாயே சொல்லிவிட்டால் டாக்டருக்குச் சம்பளம் எதற்கு என்று கேட்க நாக்கு துடித்தது. முதல் நாள் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

இந்த மாந்தம் என்ற சொல்லைப் போல ஒரு சோம்பேறிச் சொல் கிடையாது. வயிறு உப்பினால் மாந்தம், பேதியானால் மாந்தம், வலிப்பு வந்தால் மாந்தம், சளி கட்டினால் சளி மாந்தம். பெயர் வைத்தாகிவிட்டது, இனிக் குழந்தையைப் பார்க்க வேண்டியதில்லை. படிக்காதவர்கள் சொன்னால் மன்னிக்கலாம். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பை மாலை மாதிரி போட்டுக்கொண்டு சொன்னவரை என்ன செய்வது?

2. சட்டையைக் கழற்று

அன்றே வந்தது அந்தக் கேஸ். மார்கழிப் பனி. ஏழுமலை என்கிற வண்டிக்காரர், கத்தரிக்காய் மூட்டைகளைப் பட்டணத்துக்கு ஏற்றிப்போகிறவர், மனைவி தனகோடியையும் கைக்குழந்தையையும் மாட்டு வண்டியில் கொண்டுவந்தார். கூடவே அவருடைய அக்கா பட்டம்மாள். வாசலிலேயே தெரிந்துவிட்டது, அந்த வீட்டில் பேச்சு பட்டம்மாளுடையது, மூச்சு விடுவது மட்டும் மற்றவர்களுடையது என்று.

"ஊட்ல அல்லாருக்கும் சளிம்மா. கொயந்திக்கும் ஒட்டிகிச்சு. மாந்தம்தான்" என்றாள் பட்டம்மாள்.

"என்ன கொடுத்தீங்க?"

"தலைக்கு ஊத்தினேன். சாம்பிராணி காட்டினேன். உரை மருந்து ஒரு பாலாடை குடுத்தேன். துப்பிகினே இருந்துச்சு. மூக்கைப் புடிச்சு ஊத்தினேன், அப்பறம் ஒயுங்கா முயுங்கிச்சு."

பெருமையாகச் சொன்னாள். கைக்குழந்தை மூக்கால்தான் மூச்சு விடும். அந்த மூக்கு ஏற்கெனவே சளியால் அடைத்துக் கிடக்கிறது. முதலில் புகை, பிறகு மூக்கைப் பிடித்து மருந்து. ஒரு விரோதிகூட இவ்வளவு முறையாகச் செய்ய மாட்டான்.

சட்டையைக் கழற்றினேன். மூக்கின் ஓரங்கள் விடைத்தன. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குள் குழி விழுந்தது. வயிறு தூக்கித் தூக்கிப் போட்டது. உதட்டில் சாம்பல் நிறம். நெஞ்சில் காது வைத்தால் விசில் சத்தம், அடியில் வாணலியில் உப்பு பொரிகிற சத்தம்.

"பால் குடிக்குதா?" என்று தனகோடியைக் கேட்டேன்.

"ரெண்டு வாய் குடிச்சிட்டு வுட்டுடுதும்மா. மூச்சு வாங்குது" என்றாள்.

நோயைக் கண்டுபிடிப்பது அவ்வளவுதான். நுரையீரலின் நுனியில் இருக்கிற மெல்லிய குழாய்கள் வீங்கி, சளி அடைத்து, காற்று போக வர வழியில்லாத நிலை. எங்கள் புத்தகத்தில் கேப்பிலரி பிராங்கைட்டிஸ். இளம் டாக்டர்களான நீங்கள் இப்போது பிராங்கியோலைட்டிஸ் என்கிறீர்கள். பெரிய டாக்டர் மேஜையில் இருந்தபடியே, "நாலு சொட்டு பிராண்டி, நெஞ்சில கடுகுப் பத்து" என்றார். சரி சார் என்றேன். இரண்டையும் செய்யவில்லை.

ஜன்னலைத் திறந்தேன். உப்புத் தண்ணீர் சொட்டு விட்டு, பஞ்சுத் திரியால் மூக்கைச் சுத்தம் செய்தேன். படுக்கப் போடாமல் தாயின் மார்பில் நிமிர்த்திச் சாய்க்கச் சொன்னேன். பாலைப் பீய்ச்சி, அவர்கள் கொண்டுவந்திருந்த அதே பாலாடைச் சங்கின் மூக்கால் உதட்டில் கொஞ்சம், மூச்சு வாங்கினால் நிறுத்தி, மறுபடி கொஞ்சம். பாலாடைமேல் குற்றமில்லை, பிடித்த கைமேல்தான்.

3. மருந்து எங்கே?

பட்டம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாது இது? மூக்கைத் தொடைக்கவா வண்டி கட்டிகினு வந்தோம்? மருந்தே குடுக்காத டாக்டரு இன்னா டாக்டரு? டேய் ஏயுமல, கொயந்தய தூக்கு. கரையான்சாவடில தொக்கம் எடுக்கறவ கீறா. மூக்குல ஒரு ஊது ஊதினா அல்லாம் வெளிய வந்துடும்."

ஏழுமலை குழந்தைக்குக் கையை நீட்டினார். இந்த மூக்கில் ஒருத்தி வாய் வைத்து ஊதினால் சளி உள்ளே போய் அடைக்கும், குழந்தை வண்டியிலேயே போய்விடும். இந்த நோய்க்கு மருந்து கிடையாது என்று உண்மையைச் சொன்னால் அடுத்த நிமிடம் கிளம்பிவிடுவார்கள்.

கைக்குழந்தைக்கு நோய் என்றால் தாய் மருந்து குடித்துப் பத்தியம் இருப்பது இங்கே வழக்கம். அதைப் பிடித்துக்கொண்டேன். மருந்து அறைக்குப் போய் ஓம வாட்டரில் சர்க்கரைப் பாகும் சிவப்புச் சாயமும் கலந்து கொண்டுவந்தேன்.

"இது ரொம்ப வீரியமான மருந்து. பச்சைக் குழந்தை தாங்காது. தாய் குடிச்சா பால் வழியாப் போகும். ஆனா இது உள்ள இருக்கறப்போ புகை காட்டக் கூடாது, மூக்கைப் பிடிக்கக் கூடாது. தொக்கம் எடுத்தா மருந்து முறிஞ்சிடும். தாய் வயிறாரச் சாப்பிடணும்."

தனகோடி வாங்கிக் குடித்தாள். முகத்தை அஷ்டகோணலாக்கினாள். "அய்யோ, இன்னா கசப்பு! தொண்ட எரியுது அண்ணி!"

பட்டம்மாள் முகம் மலர்ந்தது. "அப்டி சொல்லு! மருந்துன்னா இதான் மருந்து" என்று உட்கார்ந்துவிட்டாள்.

4. சத்தம் நின்றது

தாயையும் குழந்தையையும் பின்கட்டு அறையில் வைத்துக்கொண்டேன். மறுநாள் மத்தியானம் பட்டம்மாள் கைதட்டிக் கூப்பிட்டாள். "சத்தம் நின்னுபோச்சும்மா! கொயந்த நல்லா தூங்குது!"

ஓடினேன். அது தூக்கமில்லை. மூச்சு விட்டு விட்டுக் களைத்துப்போய்க் குழந்தை ஓய்ந்துகொண்டிருந்தது. இளம் டாக்டர்களே, இழுப்புச் சத்தம் குறைந்தால் உடனே சந்தோஷப்படாதீர்கள். நன்றாகப் பால் குடித்துக்கொண்டு குறைந்தால் நல்லது, துவண்டு கிடந்து குறைந்தால் ஆபத்து. ஆக்சிஜன் அன்று பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில்தான். வண்டி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிடும்.

பாலை நிறுத்தினேன். மூக்கைத் திரும்பச் சுத்தம் செய்தேன். நானும் தனகோடியும் மாற்றி மாற்றி ஜன்னல் ஓரத்தில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டோம். மூச்சு நிற்கிற மாதிரி தெரிந்தால் பாதத்தைச் சுண்டினோம். அவள் அழவில்லை, ஒரு கேள்வி கேட்கவில்லை. வெயில் தாழ்ந்த பிறகு குழந்தை இருமி, ஓவென்று அழுதது. அந்த அழுகையைக் கேட்டு நானும் அழுதேன். இதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை.

குழந்தை தேறி வீட்டுக்குப் போனபோது பெரிய டாக்டர் மேஜையில் இருந்தபடியே, "பாத்தீங்களா, பிராண்டி!" என்றார்.

5. கசப்பு

பட்டம்மாள் தெருவெல்லாம் சிவப்பு மருந்தின் புகழ் பாடினாள். எவ்வளவு சுலபமாக ஏமாந்தார்கள் என்று நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

அடுத்த பனிக்காலத்தில் தனகோடி பக்கத்து வீட்டுப் பெண்ணை அழைத்து வந்தாள். அந்தப் பெண் கையில் இருந்த குழந்தை நிமிர்ந்து சாய்ந்திருந்தது. சட்டை ஏற்கெனவே கழற்றியிருந்தது. "வெலா இழுக்குதும்மா, பாரு" என்றாள் தனகோடி. பார்த்து முடித்ததும் என்னைத் தனியே தள்ளிக்கொண்டு போனாள்.

"அந்தச் செவப்புத் தண்ணி கீதா? இவ மாமியாரும் தொக்கம் தொக்கம்னு குதிக்கிறா."

"அது ரொம்ப வீரியமான..." என்று ஆரம்பித்தேன்.

"வுடும்மா. ஓம வாசன எனக்குத் தெரியாதா?"

இந்த நோயில் குழந்தையைக் காப்பாற்றுவது என்றால் பாதி வேலை, மருந்து கொடுக்கத் துடிக்கிற கைகளிடமிருந்து காப்பாற்றுவது. அந்த வேலையை நான் ஒருத்தியே செய்ததாக அதுவரை நினைத்திருந்தேன்.

"பின்ன ஏன் கசக்குதுன்னு சொன்ன?"

"இனிக்குதுன்னா எங்க அண்ணி அத மருந்துன்னு நம்புவாங்களா?"

நான் மருந்து அறைக்குப் போய், சிவப்பை இன்னும் கொஞ்சம் தூக்கலாகவே கலந்தேன்.