நடுவில் நின்ற ஜோசபின்

ஜோசபினைப் பற்றி நான் சொன்னால்தான் சரியாக இருக்கும். மற்றவர்கள் சொன்னால் அவளைக் கெட்டவளாக்கிவிடுவார்கள். அவளே சொன்னால் தன்னைத் தெய்வமாக்கிக்கொள்வாள். பிம்ப்ரியில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருக்கும் எங்கள் அலுவலகத்தில் நான் கணக்கும் போனும் பார்க்கிறவள், பெயர் ஷீலா. எனக்கு எதிர் நாற்காலி ஜோசபினுடையது. அவள் முகத்தைப் பார்த்தே அன்றைக்கு எந்த வீட்டுக்குப் போய்வந்தாள் என்று சொல்லிவிடுவேன்.

எங்களுடையது தனியாக இருக்கும் முதியவர்களுக்கான ஒரு சின்ன அறக்கட்டளை. எங்கள் ஆட்கள் யாரையும் குளிப்பாட்டி விடுவதில்லை, ஊசி போடுவதில்லை. வீட்டுக்குப் போவார்கள், உட்கார்ந்து பேசுவார்கள், என்ன குறை என்று கேட்பார்கள். பென்ஷன் நின்றுபோனால் எந்த ஜன்னலில் போய் நிற்க வேண்டும் என்று சொல்வார்கள். பிள்ளைகளோடு பேச்சு அறுந்திருந்தால் அதற்கு வழி பார்ப்பார்கள். இதற்குப் படிப்பு உண்டு, பட்டம் உண்டு, சமூகப் பணி என்று பெயர். ஊருக்கு இது புரிந்தால்தானே. ஜோசபினின் மாமியார் கடைசிவரை மருமகளை நர்ஸ் என்றே நினைத்திருந்தார். பக்கத்து வீட்டு அருணாச்சலம் இன்னும் சர்ச் வேலை என்கிறார். பேசிவிட்டு வருவதற்கா சம்பளம் என்று அவர் ஒரு முறை கேட்டதற்கு ஜோசபின் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது.

அவள் கோர்படியில் பிறந்து வளர்ந்தவள். அப்பா ராணுவக் கிடங்கில் வேலை பார்த்தவர், பூர்வீகம் வேலூர்ப் பக்கம். பள்ளிக்கூடத்தில் மராத்தி, தெருவில் இந்தி, வீட்டுக்குள் தமிழ். மூன்றையும் ஒரே மூச்சில் கலந்து அடிப்பாள். முதலில் பால்வாடி டீச்சர், அப்புறம் ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு வழி சொல்லும் மேஜை, அங்கிருந்து எங்களிடம். வேலை பார்த்துக்கொண்டே மாலை வகுப்பில் பட்டயம் வாங்கினாள். கணவர் ராஜா டெம்போ ஓட்டுகிறார், மகன் வெளியூரில் படிக்கிறான். தமிழ்க் குடும்பம் என்று எந்தக் கேஸ் வந்தாலும் அது ஜோசபினுக்குத்தான். யாரும் அப்படி உத்தரவு போடவில்லை. ஆனால் வேறு மாதிரி நடந்தால் அவள் அலுவலகத்தை இரண்டாக்கிவிடுவாள் என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் கேஸ்களில் அவள் உயிரையே வைத்திருந்தது சுப்பையாவிடம். படைக்கலத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், திருநெல்வேலிக்காரர், மனைவியை இழந்தவர். கோர்படி ரயில்வே காலனிக்குப் பின்னால் சின்ன வீட்டில் தனியாக இருந்தார். ஒரே மகள் அம்ருதா, போசரியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு மராத்திப் பையனை வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொண்டவள். அன்றிலிருந்து அப்பாவும் மகளும் பேசிக்கொள்வதில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட அவர் மகளுக்குச் சொல்லி அனுப்பவில்லை. யாரோ சொல்லி அவள் அடித்துப் பிடித்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

இந்த இருவருக்கும் நடுவில்தான் ஜோசபின் வருஷக்கணக்கில் நடந்தாள். செவ்வாய்க்கிழமை கோர்படி, வெள்ளிக்கிழமை போசரி. அப்பா சொன்னதை மகளிடமும் மகள் சொன்னதை அப்பாவிடமும் கொண்டுபோவாள். சும்மா கொண்டுபோக மாட்டாள். காரத்தைக் குறைத்து, சர்க்கரை போட்டுத்தான் கொண்டுபோவாள். அவள் என் வாசற்படி ஏறக் கூடாது என்று சுப்பையா சொன்னால், போசரியில் அது அப்பாவுக்கு இன்னும் கொஞ்ச நாள் வேண்டும் என்றாகிவிடும். அம்மாவைக் கொன்றதே அவர்தான் என்று மகள் குமுறினால், கோர்படியில் அது அம்ருதா அம்மாவை நினைத்து அழுகிறாள் என்றாகிவிடும். இரண்டு வீட்டிலும் அவளுக்கு ராஜ உபசாரம். சுப்பையா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். அம்ருதா அவளுக்காகவே ஏதாவது பலகாரம் செய்து வைத்திருப்பாள். திரும்பி வந்து என் முன்னால் உட்கார்ந்து, தன்னை விட்டால் அந்த இரண்டு பேருக்கும் யார் இருக்கிறார்கள் என்று பெருமூச்சு விடுவாள். கவலை மாதிரி சொல்வாள், முகத்தில் அப்படியொரு பூரிப்பு இருக்கும்.

அப்புறம் கிருஷ்ணப்ரியா எங்களிடம் வேலைக்கு வந்தாள். கோயம்புத்தூர்ப் பெண், சமூகப் பணியில் முதுகலை முடித்தவள், கணவனுக்கு ஹிஞ்சேவாடியில் ஐ.டி. வேலை. மராத்தி ஒரு சொல் தெரியாது, இந்தி பேசச் சொன்னால் கண் கலங்கிவிடும். ஆனால் தமிழ் பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். எங்கள் மேடம் மராத்திக்காரர். அவருக்குத் தமிழ் சுத்தமாகப் புரியாது. அவர் போய் கிருஷ்ணப்ரியா பேசுகிற தமிழ் எவ்வளவு இனிமை என்று எல்லோர் முன்னாலும் சொல்லித் தொலைத்தார். ஜோசபின் அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

"அப்ப நாங்க பேசறது என்ன, குரைக்கறதா?" என்று என்னிடம்தான் பொரிந்தாள்.

அதிலிருந்து அந்தப் பெண் எது செய்தாலும் குற்றம். சேலை கட்டி வந்தால் நடிப்பு, ஜீன்ஸ் போட்டு வந்தால் திமிர். ஜோசபினைப் பார்த்து அக்கா என்று கூப்பிட்டால், இவளுக்கு நான் எப்போது அக்கா ஆனேன் என்று பல்லைக் கடிப்பாள். கிருஷ்ணப்ரியா கொண்டுவந்த கருப்பட்டி மிட்டாயை எல்லோரும் சாப்பிட்டோம். ஜோசபின் தனக்குச் சர்க்கரை என்றாள். அவளுக்குச் சர்க்கரையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

மழைக்காலம் வந்தது, ஊரையே சிக்குன்குனியா பிடித்தது, ஜோசபினையும் பிடித்தது. விரலை மடக்க முடியாமல், காலை ஊன்ற முடியாமல் வாரக்கணக்கில் படுத்துவிட்டாள். மேடம் சுப்பையாவின் கேஸை கிருஷ்ணப்ரியாவிடம் கொடுத்தார். வேறு யாரிடம் கொடுப்பார்? செய்தி தெரிந்ததும் ஜோசபின் படுக்கையிலிருந்தே எனக்குப் போன் போட்டு உத்தரவு மேல் உத்தரவு போட்டாள். அவருக்குச் சர்க்கரை இல்லாத டீ. அவருடைய கட்டிலில் போய் உட்காரக் கூடாது. முக்கியமாக, மகள் பேச்சை எடுக்கவே கூடாது. நான் அப்படியே சொன்னேன். கிருஷ்ணப்ரியா தலையாட்டினாள்.

காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்துகொண்டு ஜோசபின் திரும்பி வந்த வாரமே எங்கள் கேஸ் கூட்டம் வந்தது. அவரவர் போன வீடுகளைப் பற்றி எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள், அதுதான் முறை. கிருஷ்ணப்ரியா ஆங்கிலத்தில் சொன்னாள். முதல் நாளே சுப்பையா அவளிடம் மகளுக்கு ஒரு சேதி சொல்லி அனுப்பப் பார்த்திருக்கிறார். நான் எதற்கு, நீங்களே சொல்லிவிடுங்கள் தாத்தா என்று இவள் அம்ருதாவின் நம்பரைப் போட்டுப் போனை அவர் கையில் கொடுத்துவிட்டு, வாசலுக்குப் போய் நின்றுகொண்டாளாம். உள்ளே அரை மணி நேரம் ஒரே கூச்சல். அந்தப் பக்கத்துச் சத்தம் தெருவரைக்கும் கேட்டதாம்.

ஜோசபின் முகம் பூத்ததை நான் பார்த்தேன். காய்ச்சல் வந்ததிலிருந்து அப்படிச் சிரிக்கவில்லை அவள். இத்தனை வருஷம் கட்டிக் காத்ததை ஒரே நாளில் போட்டு உடைத்துவிட்டாள் என்று மராத்தியில் மேடத்திடம் குதியோ குதியென்று குதித்தாள். கிருஷ்ணப்ரியாவுக்கு மராத்தி புரியாவிட்டாலும் விஷயம் புரிந்திருக்கும். மேடம் பொறுமையாக, அதற்கப்புறம் என்ன ஆனது என்று கேட்டார்.

மறுநாள் அவரே கூப்பிட்டுச் சண்டை போட்டார் என்றாள் கிருஷ்ணப்ரியா. அதற்கு அடுத்த நாள் மகள் கூப்பிட்டுச் சண்டை போட்டாள். இப்போது தினமும் நடக்கிறது. நடுவில் சாப்பிட்டாயா என்றும் கேட்டுக்கொள்கிறார்கள்.

ஜோசபின் முகத்தில் ஈயாடவில்லை. கை கால் சரியாகும்வரை சுப்பையாவை கிருஷ்ணப்ரியாவே பார்க்கட்டும் என்று மேடம் முடித்தார். ஒருவர் கையில் இருக்கும் கேஸுக்கு இன்னொருவர் போய் நிற்கக் கூடாது. எங்கள் தொழிலில் அது பெரிய விதி. ஜோசபினே புதிதாக வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். ஆனால் அடுத்த செவ்வாய்க்கிழமை காலை என் ஸ்கூட்டர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கோர்படி வரைக்கும் விடு. கெட்டுப்போனத நான் போய் டீக் பண்ணிட்டு வர்றேன்."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை, என்ன நடக்கும் என்று பார்க்கிற ஆசையும் எனக்கு இருந்தது, பொய் சொல்வானேன்.

சுப்பையா எங்களைப் பார்த்து நிஜமாகவே சந்தோஷப்பட்டார். மூட்டு வலிக்கு என்ன தைலம் தடவுகிறாய் என்று விசாரித்தார், டீ போட்டுக் கொடுத்தார். சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார். ஜோசபின் கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு, பழைய வேலையை ஆரம்பித்தாள். அம்ருதாவிடம் பேசினாளாம். கோபத்தில் ஏதோ பேசிவிட்டேன், அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்று அவள் சொன்னாளாம். அத்தனையும் பொய். அவள் அம்ருதாவிடம் பேசவே இல்லை.

சுப்பையா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அவளா? மன்னிப்பா? காலைல கூட என்னைய வஞ்சுட்டுத்தாம்மா போன வச்சா."

அதை அவர் சொன்ன விதத்தைக் கேட்க வேண்டும். மகள் பரீட்சையில் முதலாவதாக வந்தாள் என்கிற மாதிரி சொன்னார். ஜோசபினை அவர் பொய்க்காரி என்று சொல்லவில்லை. அந்த நினைப்பே அவருக்கு இல்லை. ஆனால் அவளுக்குக் காது வரை சிவந்துவிட்டது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

வெளியே வந்ததும் போசரிக்கு விடு என்றாள். நான் வேண்டாம் என்றேன். பெண் பிள்ளை தன்னைப் புரிந்துகொள்வாள் என்றாள். வழியெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் கிருஷ்ணப்ரியாவைத் திட்டிக்கொண்டே வந்தாள். படித்த திமிர், ஒரு போனைக் கையில் கொடுத்துவிட்டு வாசலில் போய் நிற்பதற்கு முதுகலைப் படிப்பு எதற்கு, அதை நான் செய்ய மாட்டேனா என்றாள். ஏன் செய்யவில்லை என்று கேட்க எனக்கு நாக்கு வரை வந்தது. கேட்கவில்லை.

அம்ருதாவின் வீடு பட்டறைக்கு மேலேயே இருந்தது. கீழே இயந்திரச் சத்தம், தரையே லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. ஜோசபின் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா இனிமேல் கத்தினால் போனை வைத்துவிடு, முன்பு மாதிரி நான் பேசிக்கொள்கிறேன், நீ மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே என்றாள். அம்ருதா கையை விடுவித்துக்கொள்ளவில்லை. தடுமாறித் தடுமாறித்தான் தமிழ் பேசுவாள், அன்றும் அப்படித்தான் பேசினாள்.

"வேணாம்க்கா. நீங்க சொன்ன அப்பா ரொம்ப நல்லவரு. அவர்கிட்ட நான் எப்படி சண்ட போடறது? அம்மா ஆஸ்பத்திரில இருந்தப்ப ஏன் என்னைக் கூப்பிடலன்னு எனக்குக் கேக்கணும். இத்தன வருஷமா கேக்கணும். நீங்க வந்து, அப்பா பாவம், வருத்தப்படறாருன்னு சொல்லிடுவீங்க. நான் வாயை மூடி சுப் ஆயிடுவேன்."

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. அப்பாதான். அம்ருதா போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். பட்டறைச் சத்தத்தையும் மீறி அவள் கத்துவது கேட்டது. அவள் தமிழில் கத்தினாள், இந்தியில் கத்தினாள், அம்மா என்கிற சொல் திரும்பத் திரும்ப வந்தது. பிறகு கத்தல் நின்றது. அதற்கப்புறம் தணிந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், சரிப்பா, சரிப்பா என்றாள்.

ஜோசபின் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். அவளால் தாங்க முடியவில்லை, எனக்கே தாங்கவில்லை. அம்ருதா முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"என்னம்மா சொன்னாரு?" என்றாள் ஜோசபின்.

"ஒண்ணுமில்லக்கா. எங்க வீட்டு விஷயம்."

மரியாதையாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, டீ போடட்டுமா என்று கேட்டாள். ஜோசபின் வேண்டாம் என்று எழுந்து, என்னைப் பார்க்காமல் படியிறங்கினாள்.

திரும்பும் வழியில் நாசிக் சாலை சிக்னலில் நின்றபோது நானாகவே, அந்தக் கிருஷ்ணப்ரியாவை இவ்வளவு நினைத்துக்கொள்ளாதே, அவள் சின்னப் பெண், நாளைக்கே வேறு ஊருக்குப் போய்விடுவாள் என்று ஏதோ ஆறுதல் சொன்னேன்.

"அவ கிடக்கறா," என்றாள் ஜோசபின். "அந்த ரெண்டு பேரப் பாத்துத்தான் எனக்குப் பொறாமையா இருக்கு ஷீலா. என்னைய ஒதுக்கிட்டு எப்படிச் சண்ட போடறாங்க பாரு."

சிக்னல் விழுந்தது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. நான் ஸ்கூட்டரை ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினேன். அவள் இறங்காமல், என் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டு, அத்தனை போக்குவரத்துக்கு நடுவில் அழுதாள்.