மாமி சொன்ன ஆமென்

கொட்டாஞ்சேனையில் எங்கள் கத்தோலிக்க வீட்டில் கடவுளோடு யாரும் சொந்த வார்த்தையில் கதைத்ததில்லை. செபமாலையைக் கையில் எடுத்தால் வாய் தானாக ஓடும். மனம் அடுப்பில் கிடக்கும் கறியைச் சுற்றினாலும் செபம் தவறாது. அப்படி வளர்ந்த நான் வெள்ளவத்தையில் ஒரு புரட்டஸ்தாந்து வீட்டுக்கு மருமகளாகப் போனேன்.

அங்கே தினமும் மாலையில் குடும்ப ஜெபம். கண்ணை மூடி, ஆளாளுக்கு மனதில் வந்ததைச் சொல்லி ஜெபிப்பார்கள். மாமி தொடங்கினால் பிரசங்கம்தான். பக்கத்து வீட்டாரின் விசாவிலிருந்து பாமன்கடையில் இருக்கும் சபைச் சகோதரியின் முழங்கால் வலி வரை ஒன்றும் விடுபடாது. என் முறை வந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். முச்சக்கர வண்டிக்காரரோடு சிங்களத்தில் மல்லுக்கட்டத் தெரிந்த எனக்குக் கடவுளிடம் ஒரு வசனம் பேச வராது. கடைசியில் ஆமென் மட்டும் பலமாகச் சொல்வேன். மாமி ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஆனாலும் அந்த வீட்டில் நான் அரைக் கிறிஸ்தவள் என்ற எண்ணம் என்னை விடவில்லை.

போன வருடம் மாமிக்கு இதய சத்திரசிகிச்சை. போதகர் வந்து ஜெபித்த பிறகுதான் சத்திரசிகிச்சை அறைக்குள் போவேன் என்று மாமி சொல்லியிருந்தார். போதகரைக் கூட்டிவர என் கணவர் ஆஸ்பத்திரியிலிருந்து தெஹிவளைக்குப் போனார். நல்ல மழை. காலி வீதியில் வாகனங்கள் அசையவில்லை என்று போன் வந்தது. அதற்குள் இன்னொருவரின் சிகிச்சை தள்ளிப்போனதால் மாமியை இப்போதே கொண்டுபோக வேண்டும் என்று தாதி சிங்களத்தில் சொன்னார். தள்ளுவண்டியும் வந்து நின்றது.

மாமி என் கையைப் பிடித்தார்.

"நீ ஜெபி பிள்ளை. எனக்குப் பயமா இருக்கு."

ஆண்டவரே என்று தொடங்கினேன். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. எனக்குத் தெரியாது, நீரே பார்த்துக்கொள்ளும் என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். வாயைத் திறந்தபோது வந்தது மாதாவிடம் சொல்லும் செபம். மாதாவிடம் மன்றாடும் வழக்கமே இல்லாத ஒரு புரட்டஸ்தாந்து மாமியின் தலைமாட்டில், அதுவும் கொட்டாஞ்சேனை வேகத்தில். அதன் கடைசி வரி மரண நேரத்துக்காக மன்றாடுவது என்பது கிட்டப் போன பிறகுதான் உறைத்தது. நெஞ்சைத் திறக்கும் சிகிச்சைக்குப் போகிறவரிடம் சொல்லக்கூடிய பேச்சா அது? அப்படியே விழுங்கிவிட்டேன். ஆமென்கூடச் சொல்லவில்லை. தள்ளுவண்டி போய்விட்டது.

கணவரும் போதகரும் நனைந்து வந்து சேர்ந்தபோது மாமியைக் கொண்டுபோய்விட்டார்கள் என்று மட்டும் சொன்னேன். மாமிக்கு ஏதாவது ஆனால் என் அரைகுறைச் செபத்தால்தான் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லாம் நல்லபடி முடிந்தது என்று வைத்தியர் வந்து சொன்னதும் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

மாமியை வார்ட்டுக்கு மாற்றிய அன்று நான் மட்டும் பக்கத்தில் இருந்தேன். செபத்தை ஏன் பாதியில் நிறுத்தினாய் என்று கேட்டார். மறைக்காமல் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தையல் இழுக்காமல் இருக்கத் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அண்டைக்குக் காலமை நானும் ஜெபிக்கப் பாத்தனான் பிள்ளை. பயத்தில ஒரு சொல்லும் வரேல்லை. நீ சொன்னதைப் பிடிச்சுக்கொண்டுதான் உள்ள போனனான்."

மாமிக்குமா வரவில்லை? எத்தனை மாலைகள் வெட்கப்பட்டுக் கண்ணை மூடியிருந்தேன்! நான் நன்றாகப் பேசப் பழகும்வரை கடவுள் காத்துக்கொண்டிருக்கவில்லை. தெரியாது என்று நான் கெஞ்சியதே அவருக்குப் போதுமாக இருந்திருக்கிறது. அந்த நிம்மதியில் எனக்கு மறுபடியும் அழுகை வந்தது.

மிச்சத்தையும் சொல் என்றார் மாமி. இந்த முறை அவசரப்படாமல், முதலிலிருந்து சொன்னேன். மரண நேரம் பற்றிய வரி வந்தபோதும் நிறுத்தவில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த மாமி, எனக்கு முந்தி, பலமாக ஆமென் சொன்னார்.