சஹன் கவிழாமல் முன்பாய் இழுப்பது எப்படி

கடலில் ஓட்டிப் பார்க்கும் சீ ட்ரயல் அன்று எங்கள் யார்டின் முதலாவது பாய்ப்படகில் கவிழ்ந்தது ஒரு சஹன், புரியாணி போட்ட பெரிய தட்டு, மட்டும்தான். படகு கவிழவில்லை. இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். கல்முனைச் சந்தையில் வேறு கதை ஓடுகிறது.

இன்னொன்றையும் சொல்லிவைக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை பார்த்த முதல் ஆள் நான். பிறகு டெக்னிக்கல் கொலேஜும் முடித்தேன். இப்போது ஃபைபர் மீன்பிடிப் படகு கட்டும் யார்டில் ஃபிட்டிங் வேலை. படகுக்கு உடம்பு செய்வது மற்றவர்கள். கயிறு சுற்றி இழுக்கும் வின்ச், கப்பி, கொக்கி எல்லாம் எங்கே பூட்டுவது என்று சொல்வது நான். புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

1. காலால் தட்டுவதா, கயிற்றால் இழுப்பதா

பொத்துவிலில் ஹோட்டல் வைத்திருக்கும் அன்சார் காக்கா, உல்லாசப் பயணிகளை ஏற்ற ஒரு பாய்ப்படகு கேட்டார். எங்கள் முதலாளி ஹாஜியார் இஞ்சின் இல்லாமல் ஓடும் படகை அதுவரை விறகாகத்தான் மதித்தவர். ஆனாலும் ஓம் என்றுவிட்டார்.

முன்பாயின் கீழ்மூலையில் கட்டி இழுக்கும் கயிறு ஷீட். அது நேராகக் கைக்கு வராது. டெக்கின் இரண்டு ஓரத்திலும் டிராக் என்று ஒவ்வொரு தண்டவாளம். அதன்மேல் முன்னும் பின்னும் நகரும் ஒரு கப்பி. அதற்குத்தான் கார் என்று பெயர். ஷீட் அதற்குள் புகுந்து வின்சுக்கு வரும். காரை முன்னே கொண்டுபோனால் ஷீட் பாயைக் கீழ்நோக்கி இழுக்கும்; மேற்பாதி இறுகும். பின்னே விட்டால் அடிப்பகுதி இறுகி, மேற்பாதி திறந்து காற்றைக் கொட்டும். காற்று மாற மாற இதையும் மாற்ற வேண்டும்.

கார் இரண்டு வகை. ஆணிக் காரில் ஒரு ஸ்பிரிங் ஆணி இருக்கும். ஷீட்டைத் தளர்த்தி, படகு சரிந்த பக்கத்துக்குப் போய்க் குனிந்து, ஆணியைத் தூக்கிக் காரைத் தள்ளி, வேறு துளையில் விழுத்த வேண்டும். கயிற்றுக் காரில் காரை முன்னே இழுக்க இன்னொரு கயிறு, நாம் இருக்கும் இடம்வரை வரும். இழுத்தால் கார் முன்னே வரும். விட்டால் பாயின் இழுவையே அதைப் பின்னே கொண்டுபோகும். எழும்பத் தேவையில்லை.

நான் கயிற்றுக் கார் கேட்டேன்.

"ஒரு சாண் நகத்துறதுக்கு ஒரு கயிறா?" என்றார் ஹாஜியார். "காலால தட்டினா போகாதா புள்ள?"

"பாய் இழுத்துக்கிட்டு இரிக்கக்குள்ள தட்டினா கால்தான் போகும் ஹாஜியார்."

"வாய் நல்லா ஓடுது. படகும் இப்பிடி ஓடணும். ஓடல்லண்டா நீ ஒபிஸ்ல இரிந்து போன் எடு. ஃபிட்டிங்குக்கு வேற ஆள் பாக்கிறன்."

எங்கள் ஒபிஸ் போனில் வரும் கேள்வி ஒன்றுதான்: "போட் முடிஞ்சா?" பதிலும் ஒன்றுதான்: "நாளைக்கி." இதற்காக நான் படிக்கவில்லை.

ஆணிக் கார்தான் வந்தது. பூட்டினேன்.

2. நிழல் விழும் பக்கம்

ஒலுவிலில் இருந்து புறப்பட்டோம். அன்சார் காக்காவின் நிபந்தனை, அக்கரைப்பற்றுக் கரைவரை இஞ்சின் போடாமல் போய்வர வேண்டும். இல்லையென்றால் படகு வேண்டாம். கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து வந்தது. சுக்கான் எங்கள் யார்டின் படகோட்டி லாபிர் காக்காவிடம், ஷீட் என் கையில்.

அன்சார் காக்கா நாலு கூட்டாளிமாரையும் ஒரு சஹன் புரியாணியையும் கொண்டுவந்திருந்தார். சஹனைச் சுற்றி ஆறு பேர் இருந்து ஒரே தட்டில் சாப்பிட வேண்டும். ஆறாவது ஆளாக, அழைக்கப்படாமலே ஹாஜியார் இருந்துகொண்டார்.

இருந்த இடம்தான் பிரச்சினை. வெயிலும் மேற்கில், காற்றும் மேற்கில். ஆகவே பாயின் நிழல் விழும் பக்கமும் படகு சரியும் பக்கமும் ஒன்று. வேலை செய்யும் கார் இருப்பதும் அங்கேதான். சஹனின் விளிம்பு டிராக்கின் மேல், காருக்குச் சரியாகப் பின்னால்.

பாயின் முன்விளிம்பில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகக் கம்பளி நூல் ஒட்டியிருந்தேன். இரண்டும் ஒன்றாகப் பின்னோக்கிப் பறந்தால் கார் சரியான இடத்தில் இருக்கிறது. மேல்நூல் முதலில் துடித்தால் காரை முன்னே எடுங்கள். கீழ்நூல் முதலில் துடித்தால் பின்னே விடுங்கள். அன்று மேல்நூல் வலையில் பட்ட சூடை மீனாகத் துடித்தது. படகு ஊர்ந்தது.

"ஹாஜியார், இது போட்டா, கடலட்டையா?" என்றார் அன்சார் காக்கா, வாய் நிறையச் சோற்றோடு.

ஹாஜியார் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒபிஸ் போன் தெரிந்தது.

"கார முன்னுக்கு எடுக்கணும். கொஞ்சம் எழும்புறீங்களா?" என்று கேட்டேன்.

"சஹன்ல கைய வெச்சிட்டு எப்பிடி மகள் எழும்புற?" என்றார் கூட்டாளி ஒருவர்.

"மறுகா எடுப்பம் புள்ள, எறச்சி ஆறப் போகுது" என்றார் இன்னொருவர்.

அவர்களிலும் பிழையில்லை. ஒருவர் எழும்பினால் மற்றவர்களும் கையை எடுக்க வேண்டிவரும். எங்கள் ஊரில் படகை நிறுத்தலாம், சஹனை நிறுத்த முடியாது.

"நான் எடுக்கிறன்" என்றார் ஹாஜியார். வலக்கையில் சோறு. பக்கத்து ஆளின் முதுகுக்கு மேலால் இடக்கையை நீட்டி ஆணியைப் பிடித்து முறுக்கினார்.

"பொறுங்க ஹாஜியார்! ஷீட்ட இன்னும் தளத்தல்ல!"

ஆணி கையோடு வந்துவிட்டது. பாய் முழுப் பலத்தோடு இழுத்துக்கொண்டிருக்க, கார் பின்னோக்கிப் பாய்ந்து சஹனில் மோதியது. சஹன் நிமிர்ந்து நின்றது, கொஞ்சம் யோசித்தது, கவிழ்ந்தது. விரல் ஒன்றும் போகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஹாஜியாரின் தாடியில் சோறு, அன்சார் காக்காவின் மடியில் கத்தரிக்காய். முழுக்கோழி கடலுக்குள் போனது.

அக்கரைப்பற்றைத் தூரத்தில் பார்த்துவிட்டு இஞ்சின் போட்டுத் திரும்பினோம். இறங்கும்போதுதான் அன்சார் காக்கா கதைத்தார்.

"நாங்க எழும்பாம அத நகத்த ஏலாதா?"

ஹாஜியார் வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "ஏலும் காக்கா. கயிறு வெச்ச கார் இரிக்கி. நான் இரிந்த இடத்திலயே இழுப்பன். நீங்க எலும்பு கடிச்சிக்கிட்டே இரிக்கலாம்."

"அப்ப அத ஏன் போடல்ல?"

நான் ஹாஜியாரைப் பார்த்தேன். ஹாஜியார் கடலைப் பார்த்தார்.

"போட்டுட்டுக் கூப்பிடுங்க. அடுத்த தரமும் ஓடல்லண்டா எனக்கு வேணாம்" என்றார் அன்சார் காக்கா.

3. புதிய கோழி

பாயின் அளவை மட்டும் பார்த்துக் கார் வாங்காதீர்கள். பலத்த காற்றில் அது இழுக்கும் பாரத்தைப் பாருங்கள். நான் எடுத்தது உள்ளே குண்டுகள் உருளும் 'போல் பெயாரிங்' கார். பாரத்தோடும் வழுக்கி ஓடும். ஆனால் மண் பட்டால் கரகரக்கும், ஒவ்வொரு தரமும் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். டிராக் ஓரத்தில் மார்க்கரால் கோடு போடுங்கள். பக்கம் மாறும்போது மற்றக் காரையும் அதே கோட்டில் வைக்கலாம். ஹிஜாப் நுனியை உள்ளே செருகிக்கொள்ளுங்கள். வின்சுக்கு வெட்கம் கிடையாது.

இரண்டாவது ட்ரயலில் அதே காற்று, அதே ஆறு பேர், புதிய கோழி. சஹனை டிராக்கிலிருந்து தள்ளி வைக்கச் சொன்னேன். அதற்கு மட்டும் இணங்கினார்கள். மேல்நூல் துடித்தது. கயிற்றை இழுத்தேன். கார் முன்னே வந்தது, இரண்டு நூலும் ஒன்றாய்ப் படுத்தன, படகு எடுத்துக்கொண்டு ஓடியது. போகப் போகக் காற்றுக் கூடிப் படகு சரிந்தது. கயிற்றைக் கொஞ்சம் விட்டேன். கார் பின்னே போக, பாயின் மேற்பாதி திறந்து, சரிவு குறைந்தது.

"எப்ப புள்ள அந்தச் சாமான நகத்தப் போற?" என்று கேட்டார் அன்சார் காக்கா.

"ரெண்டு தரம் நகத்திட்டன் காக்கா. அந்தா அக்கரைப்பற்று."

அவர் தலையைத் தூக்கிக் கரையைப் பார்த்தார். "திரும்பியும் இப்பிடிப் போனா படகு எனக்குத்தான்" என்றுவிட்டு மறுபடி சஹனுக்குள் இறங்கினார். திரும்பியும் அப்படியே போனோம்.

கார் தெரிவுசெய்யும்போது பாயின் பரப்பைக் கேளுங்கள், காற்றைக் கேளுங்கள். சரியும் பக்கத்தில் யார் இருக்கப் போகிறார்கள் என்றும் கேளுங்கள். அவர்களை எழுப்ப உங்களால் முடியாதென்றால், கயிறு போடுங்கள்.

கரை நெருங்கும்போது, ஹாஜியார் பொக்கெட்டில் கொண்டுவந்திருந்த ஒபிஸ் போன் அடித்தது. அவருடைய வலக்கை இன்னும் சஹனில். என்னைப் பார்த்தார். என் ஒரு கையில் ஷீட், மற்றக் கையில் காரின் கயிறு. நான் நூலைப் பார்த்தேன்.

இடக்கையால் போனை எடுத்தார்.

"ஓம்... போட்டா?... நாளைக்கி."